தொழில் தேடிய தோன்றல் ஆபிரகாம் லிங்கன்

இறுதியாண்டுத் தேர்வுகள் நெருங்கும் வேளையில் மாணவர் சிலர் துறை அறையின் வாயிலில் வந்து நிற்பது ஆண்டுதோறும் நிகழ்வதாகும். பாடத்தில் ஐயம் கேட்க வந்ததாகவே அவர்கள் கூறுவர். கையில் நூலும் இருக்கும். ஆயின் அவர்தம் நெஞ்சில் இருப்பது பாடம் பற்றிய ஐயமன்று. இனி என்ன செய்வது என்னும் வினாவே அது. தந்தையாரின் கடையில் அமர்வதா, வளைகுடா நாட்டிற்குப் பயணமாவதா, ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பதா, அரசுத் தேர்வு எழுதுவதா என்று அவர்தம் உள்ளம் அலைபாயும்.

அவ்வாறு வந்தவருள் ஒருவர் முன்னரே பட்டம் பெற்றுச் சென்ற மாணவர். ஒரு நிறுவனத்தில் மூன்று திங்கள் கணக்கெழுதிவிட்டு, அப்பணி தமக்கு ஒத்துவரவில்லை என விலகி வந்திருந்தார். ஏதோ குற்றம் இழைத்தவர்போல் தலைகுனிந்து அதனைக் கூறினார். அந்த மூன்று திங்களும் வீண்தானே ஐயா என்று வினவினார். அன்று அவருக்கு உரிய விடையை யான் கூறவில்லை. ஏதோ ஆறுதல்மொழி கூறி அனுப்பிவிட்டேன். அவருக்குக் கூறத் தவறிய விடையையே இக்கட்டுரையில் ஒரு பெருமகனாரின் வாழ்க்கை வாயிலாகக் கூற விழைகின்றேன்.

திருவள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். எவருக்கு எப்பணி பொருந்தும் என ஆராய்ந்து, அவரிடம் அதனை ஒப்படைக்கும் திறன் ஆள்வோர்க்கு வேண்டும் என்பது அதன் கருத்து. அவ்வாறு ஆராய்ந்து பணி தருவோர் எவரும் இல்லாத நிலையில், தன்னைத் தானே ஆராய்ந்து, தனக்குரிய வினையைத் தானே தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நிற்கும் இளைஞன் என் செய்வான்? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பதினாறாம் குடியரசுத் தலைவராக விளங்கிய ஆபிரகாம் லிங்கனின் இளமைக் காலம் அதற்கு விடை பகர்கின்றது.

மரக்குடிசையில் பிறந்து வெள்ளை மாளிகையை அடைந்தவர் என லிங்கனைப் பள்ளிச் சிறாரும் அறிவர். குடிசைக்கும் மாளிகைக்கும் இடையே அவர் தட்டுத் தடுமாறிய ஆண்டுகளைப் பலரும் அறியார். இருபத்திரண்டாம் அகவை முதல் இருபத்தெட்டாம் அகவை வரை அவர் படகோட்டியாகவும், கடைச் சிப்பந்தியாகவும், படைவீரராகவும், கடை முதலாளியாகவும், அஞ்சல் அலுவலராகவும், நில அளவராகவும் இருந்தார். அவற்றுட் சில தோல்வியில் முடிந்தன; சில வயிற்றுப்பாட்டிற்கே போதாதனவாயின. அந்த ஆறாண்டுகளே இக்கட்டுரையின் நடுப்பகுதியாகும்.

தந்தையார் தந்த கோடரி

லிங்கன் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள் கெண்டக்கி மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் தாமஸ் லிங்கன் உழவரும் தச்சருமாவார். நிலவுரிமை பற்றிய வழக்குகளால் அல்லலுற்ற அவர் 1816-ஆம் ஆண்டின் இறுதியில் இண்டியானாவின் காட்டுப் பகுதிக்குக் குடும்பத்துடன் குடிபெயர்ந்தார். 1818-இல் அன்னையார் நான்சி நச்சுப் பால் நோயால் மறைந்தார். அப்பொழுது லிங்கனுக்கு அகவை ஒன்பது. அடுத்த ஆண்டு சிற்றன்னையாக வந்த சாரா என்னும் அம்மையார் சிறுவனின் கல்வி ஆர்வத்தை அறிந்து அதனைப் பேணி வளர்த்தார். பள்ளியில் அவர் பயின்ற நாள்களை ஒன்றாகக் கூட்டினும் ஓராண்டு நிறையாது.

சிறு வயதிலேயே கோடரி அவர் கைக்கு வந்துவிட்டது. காடு திருத்துதல், மரம் பிளந்து வேலிக் கட்டைகள் செய்தல், உழுதல், அறுவடை ஆகியவற்றில் அவர் வல்லவரானார். அண்டை அயலாரிடம் கூலி வேலைக்கும் தந்தையார் அவரை அனுப்பினார். இருபத்தொரு வயது நிரம்பும்வரை மகன் ஈட்டும் கூலி தந்தையையே சேரும் என்பது அக்கால வழக்கம். உழைப்பின் பயன் உழைத்தவன் கைக்கு வராத நிலையை லிங்கன் இளமையிலேயே உணர்ந்தார்.

அந்நாளில் ஓஹையோ ஆற்றங்கரையில் அவர் சிறு படகு ஓட்டினார். ஒருமுறை நடு ஆற்றில் நின்ற நீராவிக் கப்பலுக்கு இருவரை அவர்தம் பெட்டிகளுடன் கொண்டு சேர்த்தார். அவர்கள் ஆளுக்கொரு அரை டாலர் நாணயத்தைப் படகில் எறிந்துவிட்டுச் சென்றனர். ஒரு நாளுக்குள் ஒரு டாலர் ஈட்ட முடியும் என்பதை அவரால் நம்பவே இயலவில்லை. நாட்டின் தலைவரான பின்னரும் அந்நிகழ்ச்சியை அவர் நண்பர்களிடம் நினைவுகூர்ந்ததாக அறிகின்றோம். 1828-இல் ஒரு வணிகரின் மகனுடன் தட்டைப் படகில் விளைபொருள்களை ஏற்றிக்கொண்டு மிசிசிப்பி ஆற்றின் வழியே நியூ ஆர்லியன்ஸ் நகரம்வரை சென்று மீண்டார். ஊதியம் திங்களுக்கு எட்டு டாலர். உலகம் பெரிது என்பதையும், காட்டு நிலத்து உழவு ஒன்றே வாழ்வன்று என்பதையும் ஆறு அவருக்குக் கற்பித்தது.

அணையில் சிக்கிய படகு

1830-இல் குடும்பம் மீண்டும் இடம்பெயர்ந்து இல்லினாய் மாநிலத்தை அடைந்தது. லிங்கனுக்கு அப்பொழுது இருபத்தொரு வயது நிரம்பியிருந்தது. புதிய நிலத்திற்கு வேலியடைக்கத் தந்தையார்க்கு உதவிய அவர், அடுத்த ஆண்டு வசந்த காலத்தில் தனித்து வெளியேறினார். உழவும் தச்சும் தமக்கு உரியனவல்ல என்பதில் மட்டுமே அவருக்குத் தெளிவு இருந்தது. எது தமக்குரியது என்பது தெரியவில்லை. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது என்பதைத் தொழில் தேடி அலைந்தோர் அறிவர்.

டென்டன் ஆஃபட் என்னும் வணிகர் நியூ ஆர்லியன்சுக்குச் சரக்குக் கொண்டு செல்ல லிங்கனையும் வேறிருவரையும் அமர்த்தினார். 1831 ஏப்ரல் திங்களில் சாங்கமன் ஆற்றில் சென்ற அவர்களது படகு, நியூ சேலம் என்னும் சிற்றூரின் ஆலை அணைமீது ஏறிச் சிக்கிக்கொண்டது. முன்பகுதி அணைக்கு அப்பால் அந்தரத்தில் நிற்க, பின்பகுதியில் நீர் புகுந்தது. ஊரார் கரையில் கூடி வேடிக்கை பார்த்தனர். லிங்கன் சரக்கின் ஒரு பகுதியை இறக்கச் செய்து, முன்பகுதியில் துளையிட்டு, அங்கு வந்து சேர்ந்த நீரை வடியவிட்டார். பின் துளையை அடைத்துப் படகை அணைக்கு அப்பால் நகர்த்தினார். இந்நெட்டை இளைஞனின் மதிநுட்பம் ஊராரைக் கவர்ந்தது. ஆஃபட்டோ அவ்வூரிலேயே கடை திறந்து, இவரையே அதில் அமர்த்த முடிவு செய்தார். அணையில் சிக்கிய படகே லிங்கனுக்கு ஓர் ஊரைக் காட்டிற்று.

சிப்பந்தியும் படைத் தலைவரும்

நியூ சேலத்தில் இருந்தவை இருபது, இருபத்தைந்து குடும்பங்களே. லிங்கன் அக்கடையில் நின்று சர்க்கரையும் உப்பும் துணியும் நிறுத்தும் அளந்தும் விற்றார். தவறுதலாகக் கூடுதலாகப் பெற்ற சில காசுகளைத் திருப்பித் தர நெடுந்தொலைவு நடந்து சென்றார் என்னும் செய்தி இக்காலத்தைப் பற்றியதே. அது வாய்வழிச் செய்தியேயாயினும், அவர்மீது ஊரார் கொண்டிருந்த நம்பிக்கைக்கு அது சான்றாகும். வாங்குவோர் இல்லாத வேளையில் அவர் இலக்கண நூலைப் பயின்றார். ஊர்ப் பள்ளி ஆசிரியர் மென்டர் கிரகாம் அவருக்கு வழிகாட்டினார். ஊர் மல்லர்களின் தலைவனான ஜாக் ஆம்ஸ்ட்ராங்குடன் மற்போர் செய்து, அவனுடைய நட்பையும் பெற்றார்.

ஓராண்டு முடியுமுன்னரே ஆஃபட்டின் வணிகம் நொடித்தது, லிங்கன் வேலையிழந்தார். அவ்வேளையில் மிசிசிப்பி ஆற்றின் மேல்கரைக்குத் துரத்தப்பட்டிருந்த சாக் பழங்குடியினர், கறும்பருந்து என்னும் தலைவரின்கீழ்த் தம் பழைய நிலத்திற்கு மீண்டதால் போர் மூண்டது. லிங்கன் தன்னார்வப் படையில் சேர்ந்தார். ஊர் இளைஞர் அவரையே தம் அணியின் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அவர் களத்தில் போரிட நேரவில்லை. ஆயினும் சக மனிதர்கள் தம்மைத் தலைவராக ஏற்றது அவருக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. பல ஆண்டுகளுக்குப் பின்னர்த் தம் வரலாற்றுக் குறிப்பை எழுதியபோதும் அதனை அவர் மறவாது குறித்துள்ளார்.

போருக்குச் செல்லுமுன்னரே மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் நிற்கப்போவதாக அவர் அறிவித்திருந்தார். அப்பொழுது அவருக்கு அகவை இருபத்து மூன்று. 1832 ஆகஸ்டில் நடைபெற்ற தேர்தலில் பதின்மூன்று வேட்பாளருள் எட்டாமவராக வந்து தோற்றார். ஆனால் அவரை நேரில் அறிந்த நியூ சேலம் பகுதியில் பதிவான 300 வாக்குகளில் 277 அவருக்கே கிடைத்தன. தோல்வியிலும் ஒரு செய்தி இருந்தது. அறிந்தவர் அவரை நம்பினர். அறியாதவர்க்கு அவரை அறிமுகப்படுத்தக் காலம் தேவைப்பட்டது.

கடனில் வாங்கிய கடை

தேர்தல் முடிந்தது. கையில் பொருளில்லை; வேலையுமில்லை. இந்நிலையில் அவர் தம்முன் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். கொல்லுத் தொழில் கற்கலாமா என்று கருதினார். உடல் வலிமை மிகுந்த ஆறடி நான்கு அங்குல மனிதருக்கு அது பொருந்தும் என்றே எவரும் கூறியிருப்பர். சட்டம் பயிலலாமா எனவும் எண்ணினார். போதிய கல்வியின்றி அதில் வெற்றி பெற இயலாது என்று தாமே அதனை ஒதுக்கினார். பிற்காலத்தில் எத்தொழிலால் புகழ் பெற்றாரோ அத்தொழிலையே முதலில் தமக்கு எட்டாதது எனத் தள்ளிவிட்டார் என்பதை மாணவர்கள் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இவ்விரண்டையும் விடுத்து, எளிதாகக் கிட்டியதை அவர் பற்றினார். ஊரில் கடை ஒன்று விலைக்கு வந்தது. வில்லியம் பெர்ரி என்பாருடன் கூட்டாக, கடன்பத்திரம் எழுதிக்கொடுத்து அதனை வாங்கினார். மற்றொரு கடையின் சரக்கையும் அவ்வாறே கடனில் வாங்கினர். ஊரோ வளரவில்லை, வாங்குவோர் குறைவு. கூட்டாளியார் குடியில் நாட்டமுடையவர் என்பர். லிங்கனோ நூலில் ஆழ்ந்திருப்பார். அன்றேல் வந்தாரிடம் கதை பேசிக்கொண்டிருப்பார். கடை மெல்ல மெல்ல அணைந்தது.

இதில் லிங்கனின் பிழையும் உண்டு என்பதை மறைத்தல் தகாது. வணிகம் இழிந்ததன்று, நேர்மையான வணிகம் எத்துணை உயர்ந்தது என்பதை நம் பெரியோர் வாழ்ந்து காட்டியுள்ளனர். ஆனால் வணிகத்திற்குக் கணக்கும் கவனமும் சரக்கின்மேல் கண்ணும் வேண்டும். அவை தம்மிடம் உள்ளனவா என ஆராயாது, பிறர் பொருளைக் கடனாகப் பெற்று இறங்கியது அவர் செய்த தவறு. அத்தவற்றுக்கு அவர் நெடுங்காலம் விலை கொடுத்தார்.

அஞ்சலும் அளவையும்

1833 மே திங்களில் நியூ சேலத்தின் அஞ்சல் அலுவலராக லிங்கன் அமர்த்தப்பட்டார். அன்றைய குடியரசுத் தலைவர் ஜாக்சனின் கட்சிக்கு இவர் எதிர்த் தரப்பினர். எனினும் கட்சி பார்க்கத் தக்க அளவிற்கு அப்பதவி பெரிதாக இல்லை. வருவாய் மிகச் சிறிது. மடல்களைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு உரியவர் இல்லந்தேடிச் சென்று கொடுப்பார். அஞ்சலில் வரும் செய்தித்தாள்களை உரியவர் வந்து பெறுமுன்னர்ப் படித்துவிடுவார். அரசியலறிவு அவ்வாறே வளர்ந்தது. மூன்றாண்டுகளின் பின் அலுவலகம் அங்கிருந்து அகற்றப்பட்டது. கணக்கில் எஞ்சிய அரசுப் பணத்தை, தாம் வறுமையுற்றிருந்த காலத்திலும் தொடாது தனியே முடிந்து வைத்திருந்து, அலுவலர் வந்து கேட்டபோது அதே நாணயங்களாக எண்ணிக் கொடுத்தார் என நண்பர்கள் பிற்காலத்தில் கூறியுள்ளனர்.

அஞ்சல் வருவாய் போதாமையால் கூலி வேலையும் செய்துவந்த அவருக்கு அவ்வாண்டிலேயே மற்றொரு வாயில் திறந்தது. வட்டார நில அளவரான ஜான் கால்ஹவுன் தமக்குத் துணையாளர் தேடினார். லிங்கனுக்கு நில அளவையில் ஓரெழுத்தும் தெரியாது. அதனால் மறுத்தாரில்லை. நூலைக் கடனாகப் பெற்று இரவும் பகலும் பயின்றார். திசைகாட்டியும் அளவுச் சங்கிலியும் குதிரையும் கடனிலேயே வாங்கினார். 1834-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அளவைப் பணியில் இறங்கிவிட்டார். முட்புதரிலும் சேற்றிலும் நடந்து எல்லைகளை வகுத்தார். சாலைகளுக்கு வழி குறித்தார். 1836-இல் பீட்டர்ஸ்பர்க் என்னும் ஊருக்கு மனைப்பிரிவு வரைந்தார். அவர்தம் அளவு பிழையற்றது எனப் பெயர் பெற்றது. எல்லைத் தகராறுகளில் அவர் சொல்லே முடிவாயிற்று.

தெரியாத தொழில் ஒன்றைச் சில திங்களில் நூல் வாயிலாகக் கற்று, அதனைச் செம்மையாகச் செய்யவும் முடியும் என்பதை அவர் தமக்குத் தாமே மெய்ப்பித்துக்கொண்டது இப்பணியிலேதான். சட்டம் கற்க எனக்குக் கல்வி போதாது எனக் கருதியிருந்த நெஞ்சில் ஒரு கதவு திறக்க இதுவும் காரணம் எனலாம்.

ஏலத்திற்கு வந்த குதிரை

வாழ்க்கை சற்றே நிமிரும்போது பழைய கடன் எழுந்து நின்றது. கடன்பத்திரம் வைத்திருந்த ஒருவர் வழக்குத் தொடுத்துத் தீர்ப்பும் பெற்றார். குதிரை, சேணம், அளவைக் கருவிகள் அனைத்தும் ஜப்தி செய்யப்பட்டு ஏலத்திற்கு வந்தன. அவை போயின் அளவைத் தொழிலும் போயிற்று. அன்று ஜேம்ஸ் ஷார்ட் என்னும் உழவர் 120 டாலருக்கு அவற்றை ஏலத்தில் எடுத்து, அப்படியே லிங்கனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அச்செயலை லிங்கன் மறக்கவில்லை. தலைவரான பின் வறுமையுற்றிருந்த அம்முதியவரைத் தேடி அரசுப் பணி அளித்தார்.

1835 சனவரியில் கூட்டாளி பெர்ரி இறந்தார். அவர் விட்டுச்சென்ற சொத்து ஏதுமில்லை. முழுக் கடனும் லிங்கன்மேல் விழுந்தது. அது ஏறக்குறைய 1100 டாலர். கடனாளிகள் இரவோடிரவாக மேற்குத் திசை நோக்கி ஓடிப்போவது அந்நாளில் இயல்பு. லிங்கன் ஓடவில்லை. கடன் கொடுத்தவரை நாடிச் சென்று, சிறுகச் சிறுகத் தந்துவிடுவதாக உறுதி கூறினார். நாட்டின் கடன் என்று தம் கடனை நகைச்சுவையாகக் குறிப்பிட்டுக்கொண்டே பல்லாண்டு உழைத்து அதனை அடைத்தார். பிறர் பொருளைத் திருப்பித் தரவேண்டிய கடப்பாடு இறப்பாலன்றித் தீராது. அவ்விறப்பின் பின்னும் தீராது எனக் கருதும் நம் சமுதாயத்திற்கு இச்செயலின் அருமை நன்கு விளங்கும்.

சட்ட நூலின் முன்

1834-இல் இரண்டாம் முறை சட்டமன்றத் தேர்தலில் நின்று லிங்கன் வெற்றி பெற்றார். நிலம் அளக்கவும் மடல் கொடுக்கவும் சென்ற இடமெல்லாம் அவரை அறிந்தவராயினர் என்பதே அவ்வெற்றியின் காரணங்களுள் ஒன்று. பேரவைக்குச் செல்ல நல்லுடையில்லாமையால் கோல்மன் ஸ்மூட் என்னும் நண்பரிடம் 200 டாலர் கடன் பெற்று, அதிலிருந்து உடை தைத்துக்கொண்டார்.

அத்தேர்தலின்போது வழக்கறிஞர் ஜான் டாட் ஸ்டூவர்ட், சட்டம் பயிலுமாறு அவரை ஊக்கினார். போரில் உடனிருந்த நட்பு அது. இம்முறை லிங்கன் தயங்கவில்லை. ஸ்டூவர்ட்டின் நூல்களைக் கடனாகப் பெற இருபது கல் தொலைவிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்குச் சென்று வருவார். வழியிலும் மரநிழலிலும் படிப்பார். அவருக்கென ஆசிரியர் எவருமில்லை. உடன் பயில்வோரும் இல்லை. இடையே வயிற்றுப்பாட்டிற்கு நிலம் அளப்பார். சட்டமன்றம் கூடினால் நூல்களை மூடி வைத்துவிட்டுச் செல்வார். கலைந்ததும் மீண்டும் திறப்பார்.

இன்னொன்றும் கருதத்தக்கது. இம்முடிவு ஒரே நாளில் வந்ததன்று. முன்னரே ஊராருக்கு விற்பனைப் பத்திரங்களும் விண்ணப்பங்களும் எழுதிக் கொடுத்துவந்தார். ஊர் நடுவர் போலிங் கிரீன் என்பார்முன் எளியவர் சார்பில் சிறு வழக்குகளில் பேசியும் இருந்தார். சட்டத்தின் சுவையை நாவில் ஒருதுளி இட்டுப் பார்த்த பின்னரே அவர் அதனை நாடினார். 1836 செப்டம்பர் 9-ஆம் நாள் வழக்கறிஞர் உரிமம் பெற்றார்.

1837 ஏப்ரல் 15-ஆம் நாள் கடன் வாங்கிய குதிரைமேல் இரு சேணப்பைகளுடன் அவர் ஸ்பிரிங்ஃபீல்டில் நுழைந்தார். படுக்கை வாங்கக் கடைக்குச் சென்றார். விலை பதினேழு டாலர் என்றார் கடைக்காரர் ஜோஷுவா ஸ்பீடு. தம்மிடம் அவ்வளவு பணமில்லை எனவும், வழக்கறிஞராக வெற்றி பெற்றால் ஆண்டிறுதியில் தருவதாகவும், தோற்றால் ஒருபோதும் தர இயலாமற் போகலாம் எனவும் லிங்கன் கூறினார். அம்முகத்தின் வாட்டம் கண்ட ஸ்பீடு, மாடியில் தம் அறையையே பகிர்ந்துகொள்ள அழைத்தார். லிங்கன் பைகளை மாடியில் வைத்துவிட்டு மலர்ந்த முகத்துடன் இறங்கி வந்தார். வழக்கறிஞர் வாழ்க்கை அங்குத் தொடங்கியது.

உடன்வந்த பழைய தொழில்கள்

அடுத்த இருபத்து நான்காண்டுகள் சட்டமே அவர் தொழிலாயிற்று. முதலில் ஸ்டூவர்ட்டுடனும், பின்னர் லோகனுடனும், 1844 முதல் ஹெர்ண்டனுடனும் கூட்டாக உழைத்தார். கூட்டாளிகளும் அவரும் ஏற்ற வழக்குகள் ஐயாயிரத்திற்கும் மேல். அவற்றுள் பெரும்பகுதி கடன் வழக்குகளே. கடனுக்காகத் தாமே வழக்குமன்றம் ஏறியவர், கடன் கொடுத்தார் நிலையையும் கொண்டார் நிலையையும் ஒருங்கே அறிந்திருந்ததில் வியப்பென்ன? எல்லைத் தகராறு வந்தால் பழைய அளவுச் சங்கிலி துணை செய்தது. சான்றாயர் குழுவின்முன் எளிய மொழியில் கதை கூறி விளக்க, கடைவாயிலில் உழவரோடு பேசிய நாள்கள் உதவின.

1858-இல் ஓர் இளைஞன்மேல் கொலை வழக்கு. அவன் நியூ சேலத்து மல்லர் ஜாக் ஆம்ஸ்ட்ராங்கின் மகன். ஜாக் அப்பொழுது உயிருடனில்லை. வேலையற்ற நாளில் தமக்கு உணவளித்த அத்தாயின் பொருட்டு லிங்கன் கட்டணமின்றி வாதாடினார். இரவில் நிலவொளியில் தாக்குதலைத் தெளிவாகக் கண்டதாகச் சான்று கூறியவர்முன் பஞ்சாங்கத்தைக் காட்டி, அவ்வேளையில் நிலவு மறையுந் தறுவாயில் தாழ்ந்திருந்ததை மெய்ப்பித்தார். இளைஞன் விடுதலை பெற்றான்.

அணையில் சிக்கிய படகையும் அவர் மறக்கவில்லை. ஆழமற்ற இடங்களில் கப்பல்களை மிதக்கச் செய்து உயர்த்தும் ஓர் அமைப்பை வகுத்து, 1849 மே 22-ஆம் நாள் 6469 என்னும் எண்ணுடைய காப்புரிமை பெற்றார். அமெரிக்கத் தலைவர்களுள் காப்புரிமை பெற்றவர் இவர் ஒருவரே. அப்பொருள் உற்பத்தி செய்யப்படவில்லை. எனினும் படகோட்டியாக இருந்த நாள்கள் அவர் அறிவில் வாழ்ந்திருந்தன என்பதற்கு அது சான்று.

1847 முதல் 1849 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபின், மைய நில அலுவலகத்தின் ஆணையர் பதவியை நாடினார், கிடைக்கவில்லை. தொலைவிலுள்ள ஆரிகன் பகுதியின் ஆளுநர் பதவி அளிக்கப்பட்டது, அவர் ஏற்கவில்லை. மீண்டும் சட்டத்திற்கே திரும்பினார். நாற்பது அகவை கடந்தும் யூக்ளிடின் வடிவியலைத் தாமே பயின்று சிந்தையைக் கூர்மையாக்கினார். 1854-இல் அடிமை முறையைப் புதிய நிலப்பகுதிகளிலும் பரவச் செய்ய வழிதிறந்த சட்டம் நிறைவேறியபோது, அவர் அரசியலில் மீண்டும் முழுமூச்சுடன் இறங்கினார். இளமையில் தம் உழைப்பின் கூலி பிறர் கைக்குச் செல்லக் கண்டவர், ஓர் இனத்தாரின் உழைப்பு முழுவதும் பறிக்கப்படுவதைப் பொறுக்கவில்லை. மேலவைத் தேர்தல்களில் இருமுறை தோற்று, 1860-இல் நாட்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1863 சனவரி முதல் நாள் விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டார். 1865 ஏப்ரல் 14-ஆம் நாள் சுடப்பட்டு மறுநாள் மறைந்தார்.

நிறைவாக

இவ்வாழ்க்கையில் ஒரு நிழலும் உண்டு. நூலை நாடிய மகனுக்கும் நிலத்தை நாடிய தந்தைக்கும் இடையே இருந்த விலகல் இறுதிவரை தீரவில்லை. 1851-இல் தந்தையார் மறைந்தபோது லிங்கன் இறுதிச் சடங்கிற்கும் செல்லவில்லை. தொழில் பற்றிய மாறுபாடு மட்டுமே அதற்குக் காரணம் எனக் கூற இயலாது. எனினும் மகனின் நாட்டத்தைத் தந்தை அறிவதும், தந்தையின் பாடுகளை மகன் அறிவதும் எத்துணை இன்றியமையாதன என்பதை இது உணர்த்துகின்றது. ஜமாஅத்துப் பெரியோர்களும் பெற்றோரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகின்றேன். நம் பிள்ளைகள் ஓரிரு முறை தடுமாறும்போது, ஏலத்தில் குதிரையை மீட்டுத் தந்த உழவரைப் போலவும், அறையைப் பகிர்ந்த வணிகரைப் போலவும், நூல்களைக் கடன் கொடுத்த வழக்கறிஞரைப் போலவும் நாம் நிற்றல் கூடும். அவர்கள் செய்தவை பெருங்கொடைகளல்ல. ஆனால் அவற்றுள் ஒன்று இல்லாதிருப்பினும் லிங்கனின் பாதை வேறாயிருக்கும்.

மாணவச் செல்வங்களே, லிங்கனைப் போல் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பாருங்கள் என யான் கூறவில்லை. எப்பணியில் இருந்தாலும் அதில் நேர்மையாக இருங்கள். அதனிடமிருந்து கற்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். பிடிக்காத பணியில் இருக்கும்போதே பிடித்ததற்குரிய நூலைத் திறந்து வையுங்கள். 1855-இல் சட்டம் பயில விரும்பி எழுதிய ஓர் இளைஞருக்கு, ஆசிரியர் அருகிலிருப்பது பெரிதன்று. உறுதி கொண்டால் பாதிக்கு மேற்பட்ட வேலை முடிந்தது என்னும் கருத்துப்பட லிங்கன் விடை எழுதினார். நேர்மையாக இருந்துகொண்டு வழக்கறிஞராக இருக்க இயலாதெனில், அத்தொழிலை விடுத்து நேர்மையையே பற்ற வேண்டும் என்பதும் அவர்தம் கருத்தாகும். தொழிலைத் தேர்வதற்கு இதனினும் சிறந்த உரைகல் வேறில்லை.

மூன்று திங்கள் கணக்கெழுதிவிட்டுத் தலைகுனிந்து வந்த அம்மாணவர் இம்மலரைப் படிப்பாரோ அறியேன். படித்தால் இதனையே அவருக்குச் சொல்வேன்: தம்பி, அந்த மூன்று திங்கள் வீணன்று. கணக்கு எழுதத் தெரிந்துகொண்டீர். அது உமக்குரியதன்று என்பதையும் தெரிந்துகொண்டீர். இரண்டும் வரவே. தலைநிமிர்ந்து அடுத்த வாயிலைத் தட்டுக. துறை அறையின் கதவும் திறந்தே இருக்கும்.